பத்து தப்படி

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதிவிட்டார்கள், தேசிங்கு இன்னும் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. பெஞ்சுக்கும் கால்பந்து மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில், முழங்கால் பாதி மடங்கிய நிலையில், எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தார். ஒன்பது வருஷமாக இந்தப் பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, இடது ஓரத்திலிருந்து இரண்டாவது, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். முன்னால் நிற்கிற ஹெட் கோச் திரும்பும்போது கண்ணுக்குக் கிடைப்பதுதான் அங்கே அவருடைய வேலை. இன்றைக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை. ஏழாவது கோச்சைப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள், எட்டாவது கோச் இன்னும் வந்து சேரவில்லை, நடுவில் விழுந்த ஒரே ஒரு ஆட்டம் உதவிக் கோச்சான அவர் கைக்கு வந்திருக்கிறது. சீசனின் கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் நெய்தல் சிட்டி முதல் டிவிஷனில் தங்கிவிடும், தோற்றால் இரண்டாவதுக்கு இறங்கிவிடும். நாற்பத்தைந்து நிமிஷம் ஒன்றும் நடக்காமல் இருந்தால் போதும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது எத்தனை பெரிய வேலை என்று கேலரியில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தார், நினைத்தவுடனே கேலரியைத் திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது, அங்கே மேல் வரிசையில் சேர்மன் கனகசபை வெள்ளைச் சட்டையில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கக்கூடாது, பார்த்தால் அவர் கையை அசைப்பார், பார்க்காவிட்டாலும் அந்தக் கை பிடரியில் ஊர்வது போலத்தான் இருக்கிறது. செயற்கைப் புல்லுக்கு அடியிலிருக்கும் கறுப்பு ரப்பர் துணுக்குகள் நாலு மணி வெயிலில் வெந்து டயர் கடை வாசனை அடித்தது. ஷூவின் அடிப்பாகம் வழியாகச் சூடு ஏறியது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த தன்னுடைய காலி இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பத்து தப்படி. முதல் பாதி முழுக்க அவர் உதடு அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. பின்னால் நாலு பேர், அவர்களுக்கு முன்னால் நாலு பேர், இரண்டு வரிசைக்கும் நடுவில் பத்து தப்படி. பந்து எங்கே போனாலும் அந்தப் பத்து தப்படி மாறக்கூடாது. பன்னிரண்டு நாளில் வேறு எதைத்தான் சொல்லித்தர முடியும். ஒன்றே ஒன்று சொல்லித்தரலாம், அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். பாரிஸ் கார்னரில் நைலான் கயிறு வாங்கிவந்து நாலு நாலு பேராக இடுப்பில் கட்டிவிட்டார். முதல் நாள் ஒருத்தர் இழுத்து ஒருத்தர் விழுந்தார்கள், சிரித்தார்கள், மாடு பிடிக்கப் போறோமா சார் என்று கேட்டார்கள். நாலாம் நாள் சிரிப்பு நின்றது. எட்டாம் நாள் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார், அவிழ்த்த பிறகும் அவர்கள் கட்டப்பட்டவர்கள் போலவே நகர்ந்தார்கள், பந்து இடப்பக்கம் போனால் எட்டுப் பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள், ஒரே துணியை யாரோ ஓரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி. நடுவில் லெனின். அந்தோணி லெனின், முப்பத்தொரு வயசு, அணியில் ஏழாவது சீசன், தலையைத் திருப்பாமலே பின்வரிசை எங்கே இருக்கிறது என்று முதுகால் தெரிந்துகொண்டு நகர்கிறவன். அன்றைக்கு தேசிங்கு, வெயில் என்று சொல்லிக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷத்தில் இந்தக் கிளப்பில் ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், சொன்னபடி நடந்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டாம் நாள். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். இப்போது கூட, பார், எதிரணி பந்தை வலதுக்குத் தள்ளுகிறது, நாலும் நாலும் நகர்கின்றன, எட்டு, ஒன்பது, பத்து, சரி. சரியாக இருக்கிறது. சரியாக இருக்கும்போதே மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்க ஏன் தோன்றுகிறது.

அரைநேரத்தில் ப்ரணவ் சொன்னதுதான் காரணம். ப்ரணவ் சேர்மனுக்கு அக்கா மகன், டீம் மேனேஜர், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் போனுமாக டிரஸ்ஸிங் ரூம் கதவில் சாய்ந்து நின்றான். "தேசிங்கு சார், நிஹாலை எப்ப இறக்கப்போறீங்கன்னு மாமா கேக்கறாரு." நிஹால் மலப்புரத்திலிருந்து வந்திருக்கும் ஸ்ட்ரைக்கர், சேர்மன் போனில் வீடியோ பார்த்து, பதிவு முடிகிற கடைசி நாளில் எடுத்த ஆள். எடுக்கும்போதே கணுக்காலில் காயம், அது ஆறி வந்து சேர்ந்தே மூன்று நாள்தான் ஆகிறது. "அவருக்கு நம்ம பசங்க பேரே தெரியாது தம்பி" என்றார் தேசிங்கு. "பேர் எதுக்கு சார், கோல்தானே வேணும்." "நமக்கு டிரா போதுமே." "அதைத்தான் மாமா கேக்கறாரு. டிரா பண்ணித் தப்பிக்கிற டீமா நாமன்னு. கெஸ்ட்லாம் வந்திருக்காங்க சார், கொஞ்சம் பாத்து பண்ணுங்க." அதற்கு அவர் முடியாது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும் என்றார். போகட்டும். அந்தச் சொல்லில்தான் மனசு இப்போது முள்ளில் வேட்டி மாட்டிக்கொண்டது போல நிற்கிறது. முடியாது என்பதற்கும் போகட்டும் என்பதற்கும் எத்தனை தப்படி. வீட்டில் மனைவி சாந்தகுமாரி சொல்வாள், நீ ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கற, உனக்குத் தெரிஞ்சதை அவங்ககிட்ட சொன்னா என்ன, தலையையா வாங்கிடுவாங்க. தலையை வாங்கமாட்டார்கள். நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும், கால் ரெண்டும் கட்டிலுக்குக் கீழே இறங்கும், இறங்கி எங்கே போகும். ஐம்பத்திரண்டு வயசில் இந்தக் கால்களுக்கு வேறு வழி தெரியாது.

ஏழு கோச்சுகள். முதலாமவர் திருச்சூர்க்காரர், தரையோடு தரையாகப் பாஸ் போடச் சொன்னார். இரண்டாமவர் கொல்கத்தாக்காரர், வந்த முதல் நாளே அதை நிறுத்தினார், தூக்கி முன்னால் அடி, ஓடிப் பிடி என்றார், அதற்காக ஆறடிக்கு மேல் உயரமாக ஐந்து பேரை எடுத்தார்கள். மூன்றாமவர் போர்ச்சுக்கல்காரர், அந்த ஐந்து பேரையும் பார்த்து இந்தத் தென்னை மரங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கையை விரித்தார், ஐந்து பேரும் போனார்கள், குள்ளமாக, வேகமாக ஆறு பேர் வந்தார்கள். நாலாமவர். நாலாமவர் பேர் என்ன. கண்ணாடி போட்டிருப்பார், எப்போதும் ஏலக்காய் மெல்லுவார், பெயர் நாக்கின் நுனி வரை வந்து நிற்கிறது, ஒரு சீசன் முழுக்க அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பேர் வரவில்லை. ஐந்தாமவர் டிசோசா. கோவாக்காரர். அவர் ஒருவர்தான் வந்தவுடன் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். பதினோரு இடம், ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறவன் வயசு, அவன் எப்போது தேய்வான், அவன் போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அந்த இடத்தைக் கற்றுக்கொண்டு பின்னால் நிற்கப்போகிறவன் யார். தேசிங்கு, நல்ல ஆள் யார் கிடைப்பான் என்று தேடாதே, நமக்கு எந்த இடம் காலியாகப்போகிறது என்று பார், எப்படி ஆடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய், அதற்குப் பொருந்துகிறவனைத் தேடு, நேர்மாறாகச் செய்தால் வருஷா வருஷம் புதுச் சட்டைக்குத் தகுந்த உடம்பைத் தேடிக்கொண்டிருக்கவேண்டியதுதான் என்றார். மூன்று வருஷத் திட்டம். சேர்மனிடம் கொண்டுபோய் வைத்தபோது தேசிங்கும் கூட இருந்தார். "மூணு வருஷமா?" என்று சிரித்தார் கனகசபை, நல்ல மனுஷர், காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சிரித்தார், "மூணு வருஷத்துல நான் நாலு சூப்பர் மார்க்கெட் திறந்துடுவேனே சார்." பதினோரு ஆட்டத்தோடு டிசோசா போய்விட்டார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது தேசிங்குதான். அந்தத் தாளை ஆறாமவரிடம் நீட்டியபோது அவர் வாங்கி, திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தில் தன்னுடைய அணியின் வடிவத்தை வரைய ஆரம்பித்தார். பேனாவைக் கொடுத்ததுகூடத் தேசிங்குதான்.

எதிர்ப்பக்கம் பெஞ்சில் மாசிலாமணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஹெட் கோச், ஆனாலும் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு நிற்கவேண்டிய அவசியமில்லை. வாலிபர் சங்கத்துக்கு அவன் கோச்சாகிப் பதினோரு வருஷம். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. இருபது வயசில் ரெண்டு பேரும் ஒரே அணியில் பக்கத்தில் பக்கத்தில் ஆடியவர்கள், அப்போது தேசிங்குதான் நன்றாக ஆடுவான் என்று எல்லோரும் சொல்வார்கள், அந்தச் சொல்லால் இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. வாலிபர் சங்கத்தில் பெரிய ஆட்டக்காரன் என்று ஒருத்தனும் கிடையாது. ஆனால் போன வருஷம் அவர்களுடைய லெஃப்ட் பேக் வேலை கிடைத்து ஷார்ஜாவுக்குப் போனபோது ஒன்றுமே ஆகவில்லை. அவன் போகப்போகிறான் என்று மாசிலாமணிக்கு ரெண்டு வருஷமாகத் தெரியும், ரெண்டு வருஷமாக இன்னொருத்தன் இரண்டாம் அணியில் அதே இடத்தில், அதே ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தான். பேர் மாறியது, இடம் மாறவில்லை. அவர்களுடைய எட்டாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார் தேசிங்கு. ஒல்லியான ஆள், சாக்ஸ் கணுக்காலுக்கு இறங்கிக் கிடக்கிறது. பந்து அவர்களுடைய வலது ஓரத்தில் இருக்கும்போது அவன் நடுவிலிருந்து தாமதமாகக் கிளம்பி, லெனின் நிற்கிற இடத்தை நோக்கி ஓடுகிறான். லெனின் அங்கே இருக்கிறான். எட்டாம் நம்பர் திரும்பி நடந்து போகிறான். மறுபடி ஓடுகிறான். லெனின் இருக்கிறான். திரும்பிப் போகிறான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஏழு தடவை. பலன் இல்லாத ஓட்டத்தை ஏழு தடவை ஓட ஒருத்தனுக்கு மனசு எங்கிருந்து வருகிறது என்று தேசிங்குக்குப் பொறாமையாக இருந்தது. எட்டாம் தடவையும் ஓடலாம், எவனும் அவனை மாற்றமாட்டான், அடுத்த வருஷமும் இதே ஓட்டத்தை ஓடச் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் மனசு. நம்ம பையன்களுக்கு என்ன தெரியும். ஒன்பது வருஷத்தில் நூற்று நாற்பது பேர் வந்து போயிருக்கிறார்கள். எவனாவது ஓர் ஓட்டத்தை ஏழு தடவை ஓடியிருப்பானா, ஓடுவதற்குள் கோச் மாறியிருப்பார்.

"சார்." ப்ரணவ் பின்னால் வந்து நின்றான். "மாமா லைன்ல இருக்காரு." போனை நீட்டினான். ஆட்டம் நடக்கும்போது போனைத் தொடக்கூடாது, தொடக்கூடாது என்று சொல்லலாம், அது விதி, விதியைச் சொல்வதற்குத் தைரியம்கூட வேண்டாம். தேசிங்கு கையைத் துடைத்துக்கொண்டார், வாங்கிக்கொள்வதற்காகத் துடைத்தாரா, நேரம் கடத்தவா, அவருக்கே தெரியவில்லை. ப்ரணவ் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான், "அறுபது நிமிஷம் ஆயிடுச்சேன்னு கேக்கறாரு. கோச் அங்க இருக்கற மாதிரியே தெரியலன்னு சொல்றாரு." கோபமான குரலில் சொல்லவில்லை, ப்ரணவ் எதையும் கோபமாகச் சொல்ல மாட்டான். கோச். சேர்மன் தன்னைக் கோச் என்று சொல்லியிருக்கிறார் என்பது தேசிங்கின் நெஞ்சில் வெதுவெதுப்பாகப் பட்டது, அந்த வெதுவெதுப்பை உணர்ந்து மறுகணமே வெட்கப்பட்டார். மைதானத்தைப் பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்வரிசையில் வலது ஓரம் நிற்கிற ரைட் பேக் கண்ணையன் மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறான். களைத்தும் இருக்கிறான், பார், இடுப்பில் கை வைக்கிறான். இன்னொரு அட்டை வாங்கினால் பத்துப் பேராகிவிடுவோம். அவனை எடுப்பது நல்லதுதான், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுக்கவேண்டியதுதான். அவனை எடுத்து, நிஹாலை முன்னால் விட்டு, லெனினைக் கண்ணையன் இடத்துக்கு இறக்கினால். லெனினுக்கு ரைட் பேக் தெரியும், மூன்று கோச்சுகளிடம் ஆடியிருக்கிறான். நடுவில் மூன்று பேர் நாலு பேர் வேலையைச் செய்யலாம், இருபது இருபத்தைந்து நிமிஷம்தானே. தானே யோசித்துத்தான் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது, ரொம்பச் சுலபமாகத் தோன்றியது, எத்தனை சுலபமாகத் தோன்றுகிறது என்பதைப் பார்த்து உள்ளே ஒரு மூலையில் ஒருவன், மாசிலாமணி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவன், வேண்டாம்டா என்றான். "நிஹால், மேல போட்டிருக்கற பிப்பைக் கழட்டுப்பா" என்று தேசிங்கின் வாய் சொன்னது.

நிஹால் ஓடி வந்தான். இருபத்திமூன்று, நான்கு இருக்கும், பயந்த கண், கணுக்காலில் வெள்ளை டேப். "சாரே, ஞான் பிரஸ் செய்யணோ, இறங்கி நிக்கணோ?" என்று கேட்டான். பந்தோடு வருகிறவனை நெருக்கப் போவதா, பின்வாங்கி நிற்பதா, நியாயமான கேள்வி. மூன்று நாளில் அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, கயிற்றில் அவனைக் கட்டவே இல்லை, அதை அவிழ்த்த பிறகுதான் அவன் வந்தான். "முன்னால நில்லுப்பா. பந்து வந்தா அடி" என்றார் தேசிங்கு, ஒரு கோச் சொல்கிற பேச்சா இது என்று தோன்றியது. அறுபத்து நாலாவது நிமிஷம் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கினார்கள். கண்ணையன் நம்பாமல் தன் மார்பைத் தொட்டுக் காட்டி நானா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தான். லெனினைக் கோட்டருகே கூப்பிட்டார். வந்தான். மூச்சு வாங்குகிறது, புருவத்தில் உப்பு பூத்திருக்கிறது. "நீ ரைட் பேக்குக்குப் போயிடு." லெனின் அவரைப் பார்த்தான். கோபம் இல்லை, ஏமாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது, வழி கேட்கிறவன் முகம்தான் அது. "எந்தக் கோச்சோட ரைட் பேக் சார்?" என்று கேட்டான். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். மூன்றாமவருடைய ரைட் பேக் கோடு வரை ஏறிப்போய் கோலுக்கு முன்னால் கிராஸ் போடவேண்டும். டிசோசாவினுடையவன் உள்ளே வந்து நடுவில் நிற்கவேண்டும். ஏழாமவருடையவன் பாதி மைதானத்தைத் தாண்டக்கூடாது. மூன்றையும் இவன் ஆடியிருக்கிறான், மூன்றும் இவன் காலில் இருக்கின்றன. தேசிங்கின் ரைட் பேக் எப்படி என்று ஒன்று உண்டு, அது கண்ணையனுக்குச் சொன்னது, கயிறு கட்டிச் சொன்னது, ஆனால் நடுவில் நாலு பேர் இருந்தால்தான் அது நிற்கும், இப்போது மூன்று பேர். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்து இவர்களைப் பார்க்கிறார். "பாத்துக்க" என்றார் தேசிங்கு. லெனின் தலையை ஆட்டிவிட்டு வலது ஓரத்துக்கு ஓடினான்.

அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. எண்ணப் பார்த்தார். எட்டு, பன்னிரண்டு, பதினாறு, ஆறு. வரிசை அவிழ்ந்துகொண்டே போனது, பின்னால் நாலு பேர் தங்கள் இடத்தில் நிற்கிறார்கள், நடுவில் மூன்று பேர் யாருக்கு யார் என்று தெரியாமல் ஒரே பந்துக்கு ஓடுகிறார்கள், முன்னால் நிஹால் ஒருமுறை தனியாக ஓடிப் பலமாக அடித்தான், பந்து கோல் பாரில் பட்டு மேலே போனது, கேலரியில் எழுந்து நின்று கத்தினார்கள், அந்தச் சத்தத்தில் தேசிங்குக்குள் ஒரு பொய்யான சந்தோஷம் எழுந்தது, ஒருவேளை, ஒருவேளை சேர்மன் சொன்னதுதான் சரியோ, ஜெயித்துவிட்டால், ஜெயித்துவிட்டால் எட்டாவது கோச் எதற்கு, முன்னால் நிற்கிற இடம், கோச் என்று சொன்னாரே. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. வாயில் எச்சில் ஊறவில்லை, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரித்தார். கயிற்றைக் கட்டினபோது ஒருத்தன் விழுந்தால் நாலு பேரும் நிற்பார்கள், தூக்கிவிட்டுத்தான் நகர்வார்கள். எண்பத்தொன்றில் பந்து அவர்களுடைய வலது ஓரத்துக்குப் போனது. தேசிங்கு பந்தைப் பார்க்கவில்லை. எட்டாம் நம்பரைப் பார்த்தார். அவன் தாமதமாகக் கிளம்பினான், அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில், சாக்ஸ் இறங்கிய அதே காலோடு, ஏழு தடவை லெனின் நின்றிருந்த இடத்தை நோக்கி. அங்கே யாரும் இல்லை. முப்பது தப்படி தள்ளி எதிர் ஓரத்திலிருந்து லெனின் அதைப் பார்த்துவிட்டு உள்ளே பாய்ந்து ஓடி வருவது தெரிந்தது, வந்து சேரமாட்டான், அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் ஓடினான். பந்து எட்டாம் நம்பரின் காலுக்கு வந்தது. அவன் பலமாக அடிக்கக்கூட இல்லை, தள்ளிவிட்டான். வலை கொஞ்சமாக அசைந்தது. அந்தக் கணத்தில்தான், சம்பந்தமே இல்லாமல், நாலாவது கோச்சின் பேர் தேசிங்குக்கு ஞாபகம் வந்தது. வர்கீஸ் குட்டி. ஏலக்காய் வாசனையோடு வந்தது. வர்கீஸ் குட்டி, வர்கீஸ் குட்டி என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, வேறெதையும் அது சொல்ல மறுத்தது. கடைசி ஒன்பது நிமிஷமும் ரெஃப்ரி சேர்த்துக் கொடுத்த நாலு நிமிஷமும் அந்தப் பேரிலேயே போய்விட்டன. எல்லோரும் முன்னால் போனார்கள், கோல்கீப்பர்கூடப் போனான், எவரும் எங்கேயும் இல்லை.

விசில் ஊதியதும் வாலிபர் சங்கத்துக்காரர்கள் பெரிதாகக் குதிக்கவில்லை, ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். மாசிலாமணி மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தான், கையைக் கொடுத்தான், கையை விடாமலே குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தானேடா நின்னாங்க. இன்னாத்துக்கு மாத்துன?" என்று கேட்டான். மேலிருந்து சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். மாசிலாமணி நம்புவான், உலகத்தில் யாரைவிடவும் அவன் நம்புவான், தோளில் கை போடுவான். ஆனால் சொன்னது அவர்கள், மாற்றியது நான் என்பது அந்தக் கேள்வியில் அத்தனை பளிச்சென்று இருந்தது. "தோணுச்சுடா" என்றார். மாசிலாமணி கையை விட்டான்.

சேர்மன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று தேசிங்கு நினைத்தார், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார், திட்டினால் பதிலுக்கு ஏதாவது வாயில் வந்தாலும் வரும். கனகசபை அவர் தோளைத் தட்டினார். "விடுங்க தேசிங்கு, பையன் அடிச்சது பார்ல பட்டுச்சு, இல்லன்னா கதையே வேற. லக் இல்ல. நான் இதை எதிர்பார்த்துத்தான் வேற வேலையெல்லாம் முடிச்சு வெச்சுட்டேன். புது கோச் வர்றாரு, ஸ்பெயின். பேசி முடிச்சாச்சு. அவரு ஸ்டைலே வேற. ஆளு மொத்தமா மாத்தறோம், பதினெட்டு புது பிளேயர், லிஸ்ட் ப்ரணவ்கிட்ட இருக்கு." பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது, இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியது அவருக்கு ஒரு புதுக் கடைக்கு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. "நீங்க பயப்படாதீங்க, நீங்க இருக்கீங்க. எத்தனை பேர் வந்தாலும் போனாலும் நீங்கதானே நம்ம கிளப்போட கன்டினியுட்டி." இப்போது சொல்லவேண்டும். கன்டினியுட்டி என்றால் என்னவென்று சொல்லவேண்டும், அது ஓர் ஆள் பெஞ்சில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருப்பது இல்லை சார் என்று. தேசிங்கின் வாய் திறந்தது. "சரி சார்" என்றது. "அப்புறம், லெனினை விட்டுடறோம். முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. உங்க பையன் மாதிரி இல்லையா, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." "சரி சார்."

டிரஸ்ஸிங் ரூமில் விசிறி மட்டும் சத்தம் போட்டது. பாதிப்பேர் குளித்துவிட்டுப் போய்விட்டார்கள். நிஹால் ஒரு மூலையில் போனில் மலையாளத்தில் அம்மாவிடமோ யாரிடமோ மெதுவாக, தட்டி, பாரில் தட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தான். லெனின் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் சுற்றியிருந்த டேப்பை முடியோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தான். தேசிங்கு அவன் எதிரில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது. முதலில் மன்னிப்புக் கேட்பதா, நிஹாலை இறக்கியது என் பயம் என்று சொல்வதா, அதற்கப்புறம் லிஸ்ட்டைச் சொல்வதா, இல்லை லிஸ்ட்டைச் சொல்லிவிட்டா. எந்த வரிசையில் சொன்னாலும் ஒன்றுதான். "லெனின்" என்றார், "நான்தான்டா தப்பு பண்ணேன். உன்னை நகத்தியிருக்கக் கூடாது." லெனின் டேப்பைப் பிய்த்தபடியே, "விடுங்க சார்" என்றான். "இன்னொண்ணும் இருக்கு. அடுத்த சீசனுக்கு..." விசிறியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"தெரியும் சார்" என்றான் லெனின். "ப்ரணவ் சொல்லிட்டாரு."

"எப்ப?"

"அரைநேரத்துல. பாத்ரூம் பக்கம் நின்னுட்டிருந்தேன். ஸ்பெயின் கோச் வர்றாரு, நீ லிஸ்ட்ல இல்லப்பா, வேற எதாவது பாத்துக்கன்னாரு. நல்லதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன்னாரு."

அரைநேரத்தில். அப்படியென்றால் இரண்டாம் பாதி முழுக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டாம் நம்பர் வரும்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த இடத்தில் நின்றான். கோட்டருகே வந்து எந்தக் கோச்சோட ரைட் பேக் என்று கேட்கும்போது தெரிந்திருந்தது. எண்பத்தொன்றாவது நிமிஷத்தில் முப்பது தப்படி, வந்து சேரமுடியாத முப்பது தப்படி ஓடி வரும்போதும் தெரிந்துதான் இருந்தது. தேசிங்கு அவன் கால்களைப் பார்த்தார். ஒரு முழங்காலில் டேப் பிய்த்த இடம் சிவந்து பட்டையாக இருந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஆட்டம் நடக்குதே சார்" என்றான் லெனின். டேப்பை உருண்டையாக்கி ஓரத்திலிருந்த வாளியில் போட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவன், கதவருகே போய் நின்று, "நீங்க இருக்கீங்கல்ல சார்?" என்று கேட்டான்.

"இருக்கேன்" என்றார் தேசிங்கு.

லெனின் தலையை ஆட்டினான், அவர் ரைட் பேக்குக்குப் போகச் சொன்னபோது ஆட்டிய அதே மாதிரி, மறுப்பும் இல்லாமல் சம்மதமும் இல்லாமல். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "பசங்க வெயிட் பண்றாங்க, வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேசிங்குக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை.